வயிற்று அமிலம் இறைச்சியையே கரைக்கிறது, வயிற்றை ஏன் கரைப்பதில்லை?

முக்கியக் காரணம் மியூசின் என்ற புரதம். இரைப்பையின் உட்சுவரில் உள்ள செல்களே இதைச் சுரக்கின்றன. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுக்கம்பி புரதம், சுற்றியுள்ள முடிகள் சர்க்கரைச் சங்கிலிகள். அவை தண்ணீரைப் பிடித்துவைப்பதால் வெண்டைக்காய் கொழகொழப்பு போல ஒரு படலம் உருவாகிறது. புரதத்தை வெட்டும் பெப்சின் நொதியாலும் அந்த முடிகளைத் தாண்டி நடுக்கம்பியை எளிதில் தொட முடியாது.

ஆனால் வெறும் கொழகொழப்பு மட்டும் போதாது. செல்கள் பைகார்பனேட்டையும் (சமையல் சோடாவில் இருப்பதுதான்) இந்தப் படலத்துக்குள் விடுகின்றன. அதனால் இரைப்பையின் நடுவே பிஎச் 2 அளவில் அமிலம் இருந்தாலும் (பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம்), சுவரை ஒட்டிய இடத்தில் கிட்டத்தட்ட 7, அதாவது நடுநிலை. அப்புறம், டிரெஃபாயில் என்ற சிறு புரதங்கள் கீறல் விழுந்த இடத்துக்குப் பக்கத்துச் செல்களை நகரவைத்து மூடுகின்றன. சுவரின் மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகின்றன.

காரம் தின்றால் அல்சர் வரும் என்பார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம், சரி. ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவும், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும்தான்.