உழவைக் குறைத்தால் மண்ணில் கரிமச்சத்து கூடுமா?

கூடும்; ஆனால் பலர் எதிர்பார்க்கும் அளவுக்கோ வேகத்துக்கோ அல்ல. நீங்கள் அண்மையில் மானாவாரி நிலம் வாங்கி, ரோட்டவேட்டர் (டிராக்டரில் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டுவதா வேண்டாமா என்று யோசிப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காங்கேயம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கொறங்காடு உண்டு. கிளுவை வேலிக்குள் வெள்வேல் மரங்களும் கொளுக்கட்டைப் புல்லுமாக, மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே விடப்பட்ட நிலம் அது. "சும்மா கிடக்கிறதே, உடைத்து மக்காச்சோளம் போடக்கூடாதா?" என்று கேட்காத உறவினர் இல்லை. வேலிக்கு மறுபக்கமும் எங்கள் நிலமே. அதே செம்மண், ஆனால் போகத்துக்குப் போகம் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஓடிய காடு. இரண்டிலும் 15 செ.மீ. ஆழத்தில் மண் எடுத்து ஆய்வுக்குக் கொடுத்தோம். உழுத காட்டின் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே, 'குறைவு' என்ற வகுப்பில் வந்தது. கொறங்காடு 'நடுத்தரம்' என்று வந்தது.

உழாததால் மட்டுமே இந்த வேறுபாடு என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொளுக்கட்டை பல்லாண்டுப் புல். அதன் வேர்கள் மண்ணுக்குள்ளேயே வளர்ந்து மடிந்து மக்குகின்றன, சாணமும் புழுக்கையும் விழுந்த இடத்திலேயே சேர்கின்றன. உழுத காட்டிலோ சோளத்தட்டு முழுவதும் தீவனத்துக்குப் போய்விட, மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் அடிக்கட்டையும்தான். உழவின் கேடு இதற்கு மேல் வருவது. மண்துகள்கள் ஒட்டித் திரண்ட சிறு குருணைகளுக்குள் நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் இருந்த மக்கு (மக்கிய கரிமப் பொருள்), குருணை உடைந்ததும் காற்றுப் பட்டு விரைவாகச் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. களி குறைந்த, வெயில் கடுமையான எங்கள் செம்மண்ணில் அதைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் இல்லை. ரோட்டவேட்டர் அந்தக் குருணைகளைப் பொடியாகவே ஆக்கிவிடுகிறது.

'தொடிப்புழுதி கஃசா உணக்கின்', அதாவது ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால், பிடி எருவும் வேண்டாம் என்று வள்ளுவரே சொன்னாரே என்று இங்கே ஒருவர் எழுதுவார். அவர் சொன்னது சரியே. காய்ந்த புழுதி மீண்டும் நனையும்போது மக்கு சிதைந்து தழைச்சத்து வெளிவருகிறது, பயிர் செழிக்கிறது. ஆனால் அது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்த பணம். அடுத்த குறளிலேயே 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று அவர் சொல்லியிருப்பதை மேற்கோள்காரர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். வட அமெரிக்காவின் புல்வெளிகளை உடைத்து எருவின்றி உழுதபோது முதல் சில ஆண்டுகள் விளைச்சல் கொழித்தது. சில பத்தாண்டுகளில் மேல்மண்ணின் கரிமத்தில் பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தொலைந்திருந்தது.

இதைச் சொன்னதற்காக என்னை உழாத வேளாண்மையின் பிரசாரகர் என்றும் நினைக்க வேண்டாம். உழாத நிலத்தில் மக்கு மேல் பத்து செ.மீ.க்குள் தங்குகிறது, உழுத நிலத்தில் அது கீழே கலந்துவிடுகிறது. அதனால் மேல்மண்ணை மட்டும் அளந்தால் பெரிதாகத் தெரியும் வேறுபாடு, 30 செ.மீ.க்குக் கீழும் சேர்த்து அளந்த பல ஆய்வுகளில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. மேலே தங்கும் மக்கும் வீணல்ல. மழைத்துளி மண்ணை இறுக்காமலும் அரிக்காமலும் அதுதான் காக்கிறது.

ஆகவே தட்டு முழுவதையும் விற்றுவிட்டு உழவை மட்டும் நிறுத்தினால் உங்களுக்குக் களைதான் மிஞ்சும். தட்டில் ஒரு பகுதியையாவது நிலத்தில் விட்டு, அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை போட்டு, ரோட்டவேட்டருக்குப் பதிலாகக் கொத்துக் கலப்பையால் ஓர் உழவோடு விதையுங்கள். ஆய்வுக்கு மண் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில், அதே ஆழத்தில், மரத்தடியையும் வரப்போரத்தையும் தவிர்த்து எடுங்கள். இல்லையென்றால் இரண்டு மண் ஆய்வு அட்டைகளை ஒப்பிடவே முடியாது.