சபா பயணம்: முதலில் கடல், கடைசியில் மலை

வாசகர் கேள்வி – பதில்

போர்னியோ தீவிலுள்ள மலேசிய மாநிலமான சபாவுக்குச் சுற்றுலா செல்வது பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் செம்போர்னாவுக்கு அருகிலுள்ள சிப்பாடான் தீவின் கடலையும் ஓராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட விரும்புகிறார்கள். நிறைவேறக்கூடிய ஆசைதான், எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பத்து நாள் சபா போகிறோம். முதலில் கினபாலு மலை, பிறகு சண்டாக்கான் பக்கம் காடு, கடைசி மூன்று நாள் செம்போர்னாவில் முக்குளிப்பு, அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு விமானம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். சரியாக இருக்கிறதா, ஐயா?

பதில்: இடங்களின் தேர்வு நன்றாக இருக்கிறது; வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் உடலின் மேல் உள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப் போல் இரு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில், முதுகில் சுமக்கும் கலனிலிருந்து சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது முழுவதும் வெளியேறுவதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கரைந்திருந்த நைட்ரஜன் உடலுக்குள்ளேயே குமிழ்களாகிவிடக்கூடும். மூட்டுவலி, உடல் மரத்துப்போதல், கடுமையானால் பக்கவாதம்வரை அதன் விளைவு போகும். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமான அளவுவரை குறையலாம் என்பதால், தொடர்ந்து பல நாள் முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவர்களின் பரிந்துரை. நீங்கள் பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசியாக நீரிலிருந்து வெளியே வந்தால், மறுநாள் காலை ஏழு மணிக்குப் பதினாறு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு முழுநாள் இடைவெளி விடுவதே என் விருப்பம்.

விமானத்தை விட்டுவிட்டுப் பேருந்தில் கோத்தா கினபாலுவுக்குத் திரும்பிவிடலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. கிழக்குக் கரையிலிருந்து ரானாவ், கூண்டாசாங் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. பேருந்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாலும் மலை மலைதான். கினபாலுவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை: ஏற்றம் தொடங்கும் திம்போஹோன் வாயிலே 1,866 மீட்டரில் இருக்கிறது, சிகரம் 4,095 மீட்டர்.

ஆகவே கோத்தா கினபாலுவிலிருந்து தாவாவுக்குப் பறந்து, செம்போர்னாவில் முதல் மூன்று நான்கு நாள்களைக் கடலில் கழியுங்கள். அங்கிருந்து லகாட் டத்து வழியாகத் தரைமார்க்கமாகக் கினபாத்தாங்கான் ஆற்றுக்குப் போகலாம். அந்தப் பயணத்தில் உயரம் ஒரு பிரச்சினையாக இராது. ஆற்றில் இரண்டு இரவு, பிறகு ஓராங் ஊத்தான் மையம் உள்ள செப்பிலோக், சண்டாக்கான், கடைசியில் மலை. மலைமேல் தங்கும் விடுதிகளில் படுக்கைகள் குறைவு என்பதால், மலைக்கான தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை அதற்கேற்பப் பின்னோக்கி அடுக்குவதுதான் எளிது. சிகரத்திலிருந்து இறங்கியவர்கள் மறுநாள் படிக்கட்டில் இறங்கும் கோலத்தைப் பார்த்தவர்களுக்கு, மலையைக் கடைசியில் வைப்பதற்கு வேறு காரணமே தேவைப்படாது.

கேள்வி: நாங்கள் தீபகற்பத்தில் வாழும் மலேசியக் குடிமக்கள். சொந்த நாட்டின் மாநிலத்துக்குப் போகவும் கடப்பிதழ் வேண்டுமா?

பதில்: சுற்றுலாவுக்கு மைகார்டு எனப்படும் அடையாள அட்டை போதும், பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1963-இல் மலேசியா உருவானபோது சபாவும் சரவாக்கும் குடிநுழைவு அதிகாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டதால், உள்நாட்டு விமானத்தில் போய் இறங்கினாலும் அங்கே குடிநுழைவு முகப்பைத் தாண்டித்தான் செல்ல வேண்டும். உங்களுடன் வெளிநாட்டு உறவினர் வந்தால் அவருக்குக் கடப்பிதழ் கட்டாயம்.

கேள்வி: சிப்பாடானில்தான் முக்குளிக்க வேண்டும் என்று நண்பர்கள் நால்வர் முடிவு செய்துள்ளோம். எங்களில் இருவருக்குச் சான்றிதழே இல்லை. அங்கேயே போய்க் கற்றுக்கொண்டு இறங்கலாமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் சிப்பாடானில் வேண்டாம். அணைந்துபோன எரிமலை ஒன்றின் மேல் பவளப்பாறை வளர்ந்து, கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சில அடிகள் நீந்தினாலே பவளத்தரை முடிந்து, செங்குத்தான சுவர் தொடங்கிவிடுகிறது. புதிதாகக் கற்றவர்களுக்கு முதலில் கைவராதது மிதவைக் கட்டுப்பாடு, அதாவது மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் ஒரே ஆழத்தில் நிற்பது. சாதாரணப் பாறைத்திட்டில் அது தவறினால் மணலில் போய் முட்டி நிற்பீர்கள். சிப்பாடான் சுவரில் தவறினால் காலுக்குக் கீழே நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. ஆமை ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டே பதினெட்டு மீட்டரிலிருந்து முப்பது மீட்டருக்கு இறங்கிவிட்டது தெரியாமலே போய்விடும். தொடக்கநிலைச் சான்றிதழின் எல்லை 18 மீட்டர், மேம்பட்ட நிலைக்கு 30 மீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். பல நிறுவனங்கள் சிப்பாடானுக்கு மேம்பட்ட நிலைச் சான்றிதழைக் கேட்பது இதனால்தான்.

அனுமதிச்சீட்டு இன்னொரு சிக்கல். ஒரு காலத்தில் தீவிலேயே தங்கும் விடுதிகள் இருந்தன. பவளப்பாறைகளையும் ஆமைகள் முட்டையிடும் கரையையும் காக்க 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அவை வெளியேற்றப்பட்டன. அதன்பின் நாளொன்றுக்கு 120 பேர் என்று வரம்பு வந்தது. அந்த எண்ணிக்கை பிற்பாடு மாற்றப்பட்டது என்றாலும் வரம்பு நீடிக்கிறது. தீவுக்கு ஓய்வு கொடுக்க ஒரு மாதம் மூடிய ஆண்டுகளும் உண்டு. சீட்டுகள் முக்குளிப்பு நிறுவனங்கள் வழியாகவே கிடைக்கின்றன. அவையும் பல இரவுகள் தங்குபவர்களுக்கே முன்னுரிமை கொடுக்கின்றன. முன்பணம் செலுத்தும் முன், எந்தத் தேதியில் உங்கள் பெயருக்குச் சீட்டு உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'முயற்சி செய்கிறோம்' என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் இல்லாத இருவரும் அருகிலுள்ள மாபுல், கப்பாலாய் ஆகிய இடங்களில் பயிலட்டும். ஆழம் குறைவு, அடியில் மணல், அவசரமில்லாத கடல். சிப்பாடானின் புகழில் மாபுலை ஓர் இளைப்பாறும் இடமாகவே பலர் நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சிப்பாடானில் சீலா மீன்கள் நூற்றுக்கணக்கில் சுழன்று சுழன்று ஒரு தூணைப்போல் எழும்பி நிற்பதும், பாரை மீன்கள் திரண்டு வெளிச்சத்தை மறைப்பதும், வெண்நுனிச் சுறாக்கள் பாறை விளிம்பில் படுத்துக் கிடப்பதும் பெருங்காட்சிகள்தாம். மாபுலின் மணலிலோ கடற்பஞ்சு என்று நினைத்துக் கடந்துபோகும் ஒன்று வாயைத் திறந்து, தவளைமீன் என்று தெரியவரும்; வழிகாட்டி தம் சுட்டுகோலால் காட்டும் நகக்கண் அளவு உயிரைக் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆகும். அதற்குப் பொறுமையும் அசையாமல் மிதக்கும் திறமையும் வேண்டும். இரண்டையும் வளர்த்துக்கொண்டு மறுமுறை சிப்பாடான் போனால் அந்தச் சுவரின் அருமை நன்றாகவே விளங்கும்.

கேள்வி: எனக்கு 58 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், நீச்சலும் தெரியாது. 'ஒரே ஒரு தடவை இறங்கிப் பாருங்கள், அப்பா' என்று மகன் வற்புறுத்துகிறான். இறங்கலாமா?

பதில்: வயது தடையில்லை, மாத்திரையைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முக்குளிப்பு நிறுவனம் தரும் உடல்நலப் படிவத்தில் இதயம், இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவை கேட்கப்படும். ஏதேனும் ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் இறக்க மாட்டார்கள் என்பதால், படகுத்துறையில் வைத்துப் பொய்யெழுதும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அறிமுக முக்குளிப்பில் பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார், ஆழமும் 12 மீட்டருக்கு மேல் போகாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்பதில்லை. ஆயினும் முகத்தை நீரில் வைத்ததும் பதறுகிறவர் அதைவிட ஆழத்தில் அமைதியாக இருந்துவிட மாட்டார். முந்தைய நாள் இடுப்பளவு நீரில் முகக்கண்ணாடியும் சுவாசக்குழாயும் அணிந்து அரைமணி நேரம் இருந்து பாருங்கள். அது இன்பமாக இருந்தால் இறங்கலாம். இரண்டு மூன்று மீட்டர் இறங்கியதுமே காதில் அழுத்தம் தெரியும். வலிக்கும்வரை காத்திராமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதி அதைச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். எந்த நிலையிலும் மூச்சை அடக்கக் கூடாது என்ற ஒரு விதியை மட்டும் தூக்கத்திலும் மறக்காதீர்கள். மகனுக்காக மட்டும் இறங்குவதாக இருந்தால் படகிலேயே இருந்துவிடுவது நல்லது.

கேள்வி: செப்பிலோக்கில் வாழைப்பழம் வைத்து ஓராங் ஊத்தானை வரவழைக்கிறார்களாமே! அது விலங்குக்காட்சிச் சாலைதானே? கினபாத்தாங்கானில் மட்டும்தான் உண்மையான காட்டு வாழ்க்கை என்கிறார் என் நண்பர்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடில்லை. செப்பிலோக் மையம் 1964-இல் தொடங்கியது. தாயை இழந்த குட்டிகளையும் வீடுகளில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டவற்றையும் மீட்டு, காட்டு வாழ்க்கைக்குப் பழக்கும் இடம். மரமேறுவது, கிளைகளை வளைத்து இலைக்கூடு கட்டுவது போன்றவற்றை ஓராங் ஊத்தான் குட்டி பல ஆண்டுகள் தாயுடன் இருந்தே கற்கிறது. தாய் இல்லாத குட்டிக்கு அதை மனிதர்கள் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மேடையில் உணவு வைக்கிறார்கள். வேலியில்லாத காடு என்பதால் வருவதும் வராததும் அவற்றின் விருப்பம். காட்டில் பழம் காய்க்கும் பருவத்தில் மேடை வெறிச்சோடிக் கிடப்பதுண்டு. பயணிகள் ஏமாற்றத்துடன் திரும்பும் அந்த நாள்தான் மையத்துக்கு வெற்றி நாள்.

கினபாத்தாங்கானில் விலங்குகள் எளிதாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் காட்டின் செழுமை மட்டுமன்று. ஆற்றிலிருந்து கொஞ்சம் தள்ளினால் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைத் தோட்டங்கள். எஞ்சிய காடு ஆற்றோரத்தில் துண்டு துண்டாகச் சுருங்கிக் கிடக்க, ஓராங் ஊத்தான், போர்னியோ யானை, நீள்மூக்குக் குரங்கு, இருவாட்சி எல்லாம் அதற்குள் நெருக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் துண்டுகளைத்தான் 2005-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். 'எவ்வளவு விலங்குகள்!' என்று படகில் வியக்கும்போது இதையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை.

சுக்காவ், பிலிட் ஆகிய கிராமங்களில் தங்கினால் விடியற்காலையிலும் மாலையிலும் படகில் அழைத்துப் போவார்கள். மாலைதான் நீள்மூக்குக் குரங்குகளுக்கு உரிய நேரம். இரவுத் தூக்கத்துக்கு அவை ஆற்றங்கரை மரங்களுக்கே வருகின்றன. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும் முதலில் கிளை முறியும் ஓசைதான் கேட்கும்; பிறகு, தொங்கும் மூக்கும் தொந்தியுமாக ஆண் குரங்கு ஒன்று கிளைக் கவட்டில் உட்கார்ந்து இலை மெல்வது தெரியும். அந்தத் தொந்தி கொழுப்பன்று. தின்ற இலைகளைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பல அறைகள் கொண்ட இரைப்பை. நல்ல தொலைநோக்கி ஒன்றை எடுத்துப் போங்கள். கைப்பேசியில் படமெடுத்தால் பச்சை நிறத்தில் ஒரு புள்ளிதான் விழும். மார்ச் முதல் அக்டோபர் வரை போவது நல்லது. ஆண்டின் முடிவில் பெய்யும் மழையில் ஆறு கரை புரள்வது வழக்கம்.

கேள்வி: மலேரியா மாத்திரை தேவையா?

பதில்: காட்டில் இரவு தங்குபவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். சபாவில் இன்று பெரிதும் காணப்படுவது குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் பிளாஸ்மோடியம் நோலெசி வகை, விரைவில் கடுமையாகக்கூடியது. முக்குளிக்கப் போவதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மெஃப்ளோகுவின் என்ற மாத்திரை தலைசுற்றலை உண்டாக்கக்கூடும் என்பதால் முக்குளிப்பாளர்களுக்கு ஏற்றதன்று. மாற்று மருந்துகள் உள்ளன. காட்டில் காலில் ஏறி இரத்தம் உறிஞ்சும் அட்டைகளால் நோய் பயமில்லை, அருவருப்புத்தான். முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறை அங்கேயே விற்கிறார்கள்.

கேள்வி: செம்போர்னா பக்கம் ஆள்கடத்தல் நடக்கும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: நடந்தது உண்மை. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் சிப்பாடானிலிருந்தே 21 பேர் கடத்தப்பட்டார்கள்; பிறகும் சில சம்பவங்கள் நிகழ்ந்தன. 2013-இல் ஆயுதக் குழு ஒன்று லகாட் டத்துப் பகுதியில் ஊடுருவிய பின் கிழக்குக் கரைக்கெனத் தனிப் பாதுகாப்புப் படைத்தலைமை அமைக்கப்பட்டது; இரவில் கடலில் படகு செல்ல ஊரடங்கும் கொண்டுவரப்பட்டது. தீவுகளில் ஆயுதமேந்திய காவலர்களைப் பார்ப்பீர்கள், அதற்காகக் கலவரமடைய வேண்டியதில்லை. இருட்டிய பின் படகில் போகும் எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். இதில் பலரும் கவனிக்காதது காப்புறுதிதான்: சில நாடுகளின் அரசுகள் இப்பகுதிக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியிருப்பதால், அந்நாட்டுக் காப்புறுதி செல்லாமல் போகலாம். பல சாதாரணப் பயணக் காப்புறுதிகளில் முக்குளிப்புக்கு இடமில்லை, அல்லது ஆழ வரம்பு உண்டு. பத்திரத்தின் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: சந்தையில் யாராவது கடலாமை முட்டை விற்றால் வாங்கிச் சுவைத்துப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. சபாவில் கடலாமைகள் 1997-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முழுப் பாதுகாப்புப் பெற்றவை. முட்டையை விற்பவர் மட்டுமன்றி, வைத்திருப்பவரும் குற்றவாளியே. முட்டையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், சண்டாக்கானுக்கு வடக்கே உள்ள செலிங்கான் தீவில் ஓரிரவு தங்குங்கள். பச்சை ஆமை கரையேறி இட்ட முட்டைகளைப் பூங்காக் காவலர்கள் எடுத்துப்போய், பொரிப்பகத்து மணலில் புதைப்பதை உங்கள் கண்ணெதிரே காட்டுவார்கள். அங்கே கைவிளக்கு, கைப்பேசி வெளிச்சம் எதற்கும் அனுமதி இல்லை.