தேங்காப்பட்டணத்துத் தண்ணீர் மாற்றியபின் ராட்சதச் சிப்பி விரியவில்லை

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் ராட்சதச் சிப்பி விரியவில்லை, விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளக்கைக் கூட்டாதீர்கள், முதலில் தண்ணீரின் உப்பை அளந்து பாருங்கள். தேங்காப்பட்டணத்தில் எடுத்த தண்ணீரை மாற்றிய மறுநாளிலிருந்து சதை விரியாமல், தண்ணீரை உள்ளிழுக்கும் துளை அகலத் திறந்து நிற்கிறது என்கிறீர்கள். அங்கேதான் குழித்துறை ஆறு கடலில் சேருகிறது. மழைக்காலத்தில் பார்க்கக் கடல்தண்ணீர்தான், ஆனால் உப்பு குறைந்திருக்கும்.

உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்துவிட்டு அளந்து பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் மட்டும் நம்பாதீர்கள், மேல் அளவில் தவறும். 33-க்குக் கீழே என்றால், ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் கடல் உப்புக் கரைசலை ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 பிபிடிக்கு மேல் ஏறக் கூடாது. உப்பை நேரே தொட்டியில் கொட்டவே வேண்டாம். கேஹெச் (தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மை) 8–9, கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்பு சரியாகியும் துளை பிளந்தே நின்றால், ராத்திரி டார்ச் அடித்து ஓட்டு விளிம்பைப் பாருங்கள். அரிசிமணி அளவில் வெள்ளை நத்தைகள் ஒட்டியிருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஆனால் சிப்பியைப் பாறையிலிருந்து பிடுங்காதீர்கள். அடியில் பிடித்திருக்கும் நார் வேரோடு கிழிந்தால் பிழைப்பது கஷ்டம்.

இனி தண்ணீர் எடுப்பதென்றால் முட்டம் பாறைப் பக்கம், மழை விட்டுச் சில நாள் கழித்து. இன்னொரு சிப்பி வாங்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற உயிர் இது.