‘போதும், நிறுத்திக்கொள்கிறேன்’ என்று சொல்ல வழி இருக்கிறதா?

உளவியல் ஆய்வுகளில் பங்கேற்பவர்களின் உரிமைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

மில்கிராமின் மின்அதிர்ச்சிச் சோதனையில் யாருக்கும் உண்மையில் ஷாக் அடித்துக் கொடுமைப்படுத்தவில்லை. கலந்துகொண்டவர்களும் பிறகு வருத்தப்படவில்லை என்கிறார்கள். அப்படியிருக்க, அதை ஏன் தவறு என்கிறோம்? பொய் சொன்னதாலா?
– எம்.எஸ்ஸி. உளவியல் மாணவர், கோயம்புத்தூர்

பொய் சொன்னது இரண்டாவது தவறுதான். வெளியே போக நினைத்தவரைப் போகவிடாமல் பேசியதுதான் முதல் தவறு.

அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார்கள் என்று பார்க்க, உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கினார். நினைவாற்றல் ஆய்வு என்று விளம்பரம் கொடுத்து, 4 டாலரும் வந்துபோகும் செலவுக்கு 50 சென்ட்டும் தருவதாகச் சொல்லி ஆட்களை வரவழைத்தார். வந்தவருக்கு ஆசிரியர் வேலை. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொல்லும்போதெல்லாம் ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். இயந்திரத்தில் 30 சுவிட்சுகள். 15 வால்ட்டில் தொடங்கி, பதினைந்து பதினைந்தாக ஏறி, 450-ல் முடியும். நம்பிக்கை வர வேண்டும் என்று ‘ஆசிரியர்’ கையிலேயே 45 வால்ட் ஷாக் கொடுத்துக் காட்டினார்கள். அடுத்த அறையில் இருந்தவரோ சொல்லிவைத்து நடித்த ஆள். 300 வால்ட்டில் சுவரைத் தட்டுவார். 315-க்குப் பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிடும்.

முதல் அறிக்கையில் இருந்த 40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். தேர்வுக்கு எல்லோரும் படிப்பது இந்த எண்ணைத்தான். 1963-ல் வெளியான அதே கட்டுரையில் வேறு இரண்டு எண்களும் உண்டு. 14 பேருக்கு அடக்க முடியாத பதற்றச் சிரிப்பு வந்தது. 3 பேருக்கு வலிப்பு போல உடம்பு கட்டுக்கடங்காமல் உதறியது. வியர்த்தவர்கள், திக்கியவர்கள், நகத்தைத் தங்கள் சதையிலேயே பதித்தவர்கள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறார்கள்.

இந்த நிலையில் ஒருவர் நிறுத்தப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நான்கு வாக்கியங்களை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ‘தயவுசெய்து தொடருங்கள்’ என்பது முதலாவது. படிப்படியாக இறுகி, நான்காவதாக, ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்’ என்று முடியும். வேறு வழி இருந்தது. என்ன நடந்தாலும் பணம் உங்களுடையது, வந்ததற்காகவே அது தரப்படுகிறது என்று தொடக்கத்தில் அவர்களே சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்த உரிமையை, அந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது வாயால் பறித்தார்கள். இதை என்னால் சின்ன விஷயமாகப் பார்க்க முடியவில்லை.

பின்னால் அனுப்பிய கேள்வித்தாளில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றது உண்மை. ஆனால் சுவிட்சை அழுத்தச் சொன்ன நேரத்தில், பாதிப்பு வராது என்று யாருக்கும் தெரியாது. பலருக்கு முழு உண்மையும் அன்றே சொல்லப்படவில்லை. மாதங்கள் கழித்துத் தபாலில் வந்த அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964-லேயே இந்தச் சோதனையைக் கண்டித்து எழுதினார்.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உளவியலாளர் ஜெர்ரி பர்கர் 2009-ல் வெளியிட்ட மறுசோதனையில் 150 வால்ட்டோடு நிறுத்திவிட்டார். மில்கிராமின் சோதனையில் அந்த இடத்தைத் தாண்டியவர்களில் 79 சதவீதம் பேர் கடைசிவரை போயிருந்ததால், அதற்கு மேல் ஒருவரை வதைத்துத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. மனநலச் சிக்கல் இருக்கக்கூடியவர்களை இரண்டு கட்டமாக வடிகட்டி முதலிலேயே விலக்கினார். மாதிரி ஷாக்கை 15 வால்ட்டாகக் குறைத்தார். விலகலாம், பணம் உங்களுடையது என்று மூன்று முறை தெரிவித்தார். முடிந்த கையோடு உண்மையையும் சொன்னார்.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையில் மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகியிருக்கலாம்தானே?
– வாசகர், மதுரை

காகிதத்தில், ஆம். மாணவர்களைக் காவலர்கள், கைதிகள் என்று பிரித்துப் போலிச் சிறை ஒன்றில் வைத்த அந்தச் சோதனை 1971 ஆகஸ்டில் நடந்தது. நாள் கூலி 15 டாலர். ‘பரோல்’ விசாரணையில், சம்பாதித்த பணத்தை விட்டுவிட்டால் வெளியே போகச் சம்மதமா என்று கைதிகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் சம்மதம் என்றார்கள். யோசித்துச் சொல்கிறோம், அறைக்குப் போங்கள் என்றதும் எழுந்து சிறை அறைக்கே திரும்பிப் போனார்கள். பணமே வேண்டாம் என்றானபின் அங்கே இருக்கக் காரணமே இல்லை. ஆனாலும் ‘நான் போகிறேன்’ என்று எழுந்து நடக்கத் தோன்றவில்லை. ஆய்வை நடத்திய ஜிம்பார்டோவே சிறைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். யாரிடம் போய் விலகுகிறேன் என்று சொல்வது? இரண்டு வாரம் என்று திட்டமிட்டது ஆறு நாளில் நின்றது.

எங்கள் பேராசிரியரின் ஆய்வில் கலந்துகொண்டால் இன்டர்னல் மார்க் தருகிறார்கள். மறுக்கலாமா?
– பி.எஸ்ஸி. மாணவி, திருச்சி

மறுக்கலாம். மறுப்பவருக்கு அதே மதிப்பெண் கிடைக்க, அதே நேரமும் உழைப்பும் பிடிக்கிற மாற்று வேலை ஒன்று இருக்க வேண்டும். 30 நிமிட ஆய்வுக்கு மாற்றாக 20 பக்கக் கட்டுரை கேட்டால் அது மாற்று இல்லை, தண்டனை. யார் கலந்துகொண்டார், யார் மறுத்தார் என்ற பட்டியல் மதிப்பெண் போடுகிறவர் கைக்குப் போகாமல் வேறொருவர் வைத்திருப்பது நல்லது.

என் ஆய்வில் சிலருக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் காட்டி, அதற்குப் பிறகு எப்படிச் செயல்படுகிறார்கள் என்று பார்க்கிறேன். கடைசியில் ‘அது பொய் மதிப்பெண்’ என்று சொல்லிவிட்டால் போதுமா?
– ஆய்வு மாணவர், சென்னை

போதாது. 1975-ல் ராஸ், லெப்பர், ஹப்பர்ட் என்ற மூன்று உளவியலாளர்கள் இதையே சோதித்தார்கள். தற்கொலைக் குறிப்புகளில் உண்மையானது எது, போலி எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, 25-க்கு 24 சரி என்று சிலரிடமும் 10தான் சரி என்று சிலரிடமும் சொன்னார்கள். இரண்டும் முன்பே முடிவு செய்த பொய். அது பொய் என்று விளக்கிய பிறகும், குறைந்த மதிப்பெண் கேட்டவர்கள் தங்களுக்கு இதில் திறமை இல்லை என்றே நம்பினார்கள். பொய் என்று தெரிந்தும் மனம் பழைய எண்ணத்தை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் சேர்த்து விளக்கியபோதுதான் அது கலைந்தது.

எனவே கும்பலாக நிற்க வைத்து அறிவிக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியே உட்கார வைத்து, ‘இந்த ஆய்வு எதைப் பற்றியது என்று நினைத்தீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். சந்தேகப்பட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அடுத்து எது பொய், ஏன் தேவைப்பட்டது என்று சொல்லுங்கள். யாருக்கு எந்த மதிப்பெண் என்று குலுக்கிப் போட்ட பட்டியலைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். மேலே சொன்ன மனப்பழக்கத்தை விளக்குங்கள். ஏமாந்துவிட்டோமே என்று கூசுவார்கள். நம்பும்படி செய்ததே நாங்கள்தான் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கடைசியாக, அவருடைய தரவைப் பயன்படுத்தலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே நீக்கிவிடுங்கள். ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் நேரக் கணக்கில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ.-9 கேள்வித்தாளைக் கூகுள் ஃபார்மில் அனுப்பியிருக்கிறேன். 200 பேர் சேர்ந்ததும் பதில்களைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– எம்.ஏ. மாணவி, சேலம்

இன்றைக்கே திறந்து பாருங்கள். அந்தக் கேள்வித்தாளின் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்கிறது. ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று ஒருவர் குறித்துவிட்டு, யாராவது கேட்பார்களா என்று காத்திருக்கலாம். நீங்கள் அதை ஆறு வாரம் கழித்து எக்ஸெல்லில் 3 என்ற எண்ணாகப் பார்ப்பீர்கள்.

பெயரோ தொடர்பு எண்ணோ வாங்கியிருந்தால், தினமும் பார்ப்பது யார், அந்தக் கேள்விக்கு 1 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றே யார் பேசுவது என்று கைடுடன் முடிவு செய்து எழுதி வையுங்கள். இப்படித் தொடர்புகொள்வோம் என்பதை ஒப்புதல் படிவத்திலும் சொல்லிவிட வேண்டும். பெயரில்லாத ஃபார்ம் என்றால் உங்களால் யாரையும் தேடிப் போக முடியாது. அப்போது அந்தக் கேள்வியை எடுத்துவிட்ட எட்டுக் கேள்வி வடிவமான பி.ஹெச்.க்யூ.-8 இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-ஐ ஃபார்மின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பாதியில் மூடிவிட்டுப் போகிறவர் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

பள்ளியில் ஆய்வு நடத்த தலைமை ஆசிரியர் கையெழுத்து போதுமா?
– பெற்றோர், ஈரோடு

போதாது. அது பள்ளிக்குள் நுழைய அனுமதி மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளின்படி பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயதுக் குழந்தையிடம் வாய்மொழியாகவும், 12-க்கு மேல் 18 வரை எழுத்திலும் இசைவு கேட்க வேண்டும். நீங்கள் சம்மதித்து, உங்கள் பிள்ளை மாட்டேன் என்று தலையாட்டினால், ஆய்வாளர் அத்துடன் விட்டுவிட வேண்டும். வகுப்பாசிரியர் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்காமலிருந்தால் இன்னும் நல்லது.