துணியால் செய்த கலைப்படைப்புக்குள் ஏறி விளையாடினால் மனம் எப்படி நிதானமாகும்?

இங்கே சொல்வது, பார்வையாளர் தொட்டு, ஏறி, ஆடிப் பார்த்தால்தான் முழுமை பெறும், நூலாலோ துணியாலோ செய்த படைப்பைப் பற்றி. ஜப்பானியக் கலைஞர் தொஷிகோ ஹோரியுச்சி மெக்ஆடம் 1970-களில் ஒரு வலைச் சிற்பத்தைக் காட்சிக்கு வைத்தார். குழந்தைகள் சிலர் அதில் ஏறி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள்! அவரோ அதன்பின் குழந்தைகளுக்காகவே வலை பின்னத் தொடங்கினார். ஜப்பானின் ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில், 2009-இல் கட்டிய மரக் கூடாரத்துக்குள் அவருடைய வண்ண வலை தொங்குகிறது.

சரி, நிதானம் எங்கிருந்து வருகிறது? சிமென்ட் தரையில் நடக்கும்போது காலை நாம் நினைப்பதே இல்லை. வலையில் அப்படி முடியாது. மிதித்த இடம் அமுங்கும், பக்கத்துக் கண்ணி இழுபடும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று உடம்பு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் ஓடாது.

விளையாட்டு வருவது இழுவிசையால். கயிற்றுக் கட்டிலின் ஒரு முனையில் யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவர் எழும்புவார், இல்லையா? அதேதான். ஒரு குழந்தை குதித்தால் அந்த அசைவு நூல்வழியே எதிர்மூலையில் இருக்கும் குழந்தைக்குப் போகும். அவள் பதிலுக்குக் குதிப்பாள். அறிமுகமே தேவையில்லை.

இந்த வலைகள் குரோஷே முறையில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னிச் செய்யப்படுபவை. குரோஷே என்றதும் மேசைவிரிப்பு பின்னுவது போன்ற பொழுதுபோக்கு வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இதில் கையால் பின்னுவது பாதி வேலைதான். எந்த நூல் எவ்வளவு எடை தாங்கும் என்று கட்டுமானப் பொறியாளரோடு கணக்குப் போடுவது மீதி.