செஸ் போட்டியில் கறுப்புக் காய் கிடைத்தால் டிராவுக்கு ஆடுவதுதான் புத்திசாலித்தனமா?

இல்லை. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போட்டிக்குப் போனால், யாருக்கு யார் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் பிள்ளைகள் எதிராளியின் பெயருக்கு முன் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். கறுப்பு என்றால் முகம் வாடிவிடும். "டிரா எடுத்தா போதும் சேர்" என்பார்கள்.

அவர்களுக்கு நான் போர்டில் ஆடிக் காட்டுவது 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டம். அதுதான் கடைசி ஆட்டம். அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் வெள்ளை; சென்னைப் பையன், நம்ம குகேஷ் கறுப்பு. புள்ளி 6.5க்கு 6.5. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் என்ற வேக ஆட்டங்களில் முடிவு.

கடைசியில் ஆளுக்கொரு கோட்டை, சாய்கோட்டில் நகரும் ஒரு பிஷப். சிப்பாய்கள் எல்லாம் ஒரே பக்கம், குகேஷுக்கு ஒன்று அதிகம். சரியாகத் தடுத்தால் இது டிராதான். ஆனால் குகேஷ் தோற்க வழியில்லாத நிலை அது. பிறகு எதற்கு அவசரப்பட்டு டிராவுக்குக் கை கொடுக்க வேண்டும்? ஆடிக்கொண்டே இருந்தார். நேரம் குறைந்திருந்த டிங், 55ஆவது நகர்த்தலில் கோட்டையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். கோட்டைகள் வெட்டுப்பட்டன. அப்புறம் கறுப்பு பிஷப் டி5! வெள்ளை பிஷப் இருந்தது ஏ8 மூலையில். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு சாய்கோடுதான், அதிலேயே கறுப்பு பிஷப் வந்து மறித்துவிட்டது. வெட்டுக்கொடுப்பதைத் தவிர வழியில்லை. பிஷப்களும் போனால், அதிகமாக இருக்கும் அந்த ஒரு சிப்பாயே ஜெயித்துக் கொடுக்கும். 58ஆவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த ஏ8 பிஷப்பில்தான் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்துவேன்.

அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் கறுப்புதான்: பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறையை ஆடிய டிங். 1985இல் சோவியத் வீரர் காஸ்பரோவ் 22 வயதில் பட்டம் வென்ற 24ஆவது ஆட்டத்திலும் அவர் கறுப்பு. மிக இளைய சாம்பியன் என்ற அந்தச் சாதனையை 18 வயதில் முறியடித்த குகேஷும் கறுப்பு.

முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உதவும், அதை மறுக்கவில்லை. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளியே பரிசுக்குப் போதும் என்றால் டிரா எடுங்கள், தப்பில்லை. மற்ற நேரங்களில், ஆபத்தில்லாமல் உங்கள் கை ஓங்கியிருக்கும்போது டிராவுக்குக் கை நீட்டாதீர்கள்.