ஸ்நாக்ஸ் டப்பா சோதனை

வணக்கம் ஐயா,

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். புரதம், மாவுச்சத்து, வைட்டமின் என்று பிள்ளைகள் மளமளவென்று ஒப்பிக்கிறார்கள். மதியம் பார்த்தால் கீரை தட்டோரத்தில் கிடக்கிறது. வெள்ளிதோறும் ஸ்நாக்ஸ் டப்பாவைச் சோதித்து, நல்லது கொண்டுவருகிறவர்களுக்கு மிட்டாய் தரலாமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

சோதனை வேண்டாம். டப்பாவில் என்ன இருக்கும் என்பதை வீட்டிலிருக்கும் காசும் காலை அவசரமும் தீர்மானிக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? நாலு பேர் முன்னால் கூசிப்போனால் மறுவாரம் டப்பாவே வராது. மிட்டாய் இன்னும் மோசம். கீரை தண்டனை, மிட்டாய் பரிசு என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

டீஸ்பூனில் தொடங்குங்கள். 250 மி.லி. குளிர்பான பாட்டில் ஒன்று காலியாக, ஒரு கண்ணாடி டம்ளர், கொஞ்சம் சர்க்கரை. லேபிளில் 100 மி.லி.க்கு 11 கிராம் சர்க்கரை என்றிருந்தால் பாட்டிலுக்கு 27.5 கிராம். தலைதட்டி அளந்த டீஸ்பூன் சுமார் 4 கிராம். ஆக, ஏழு ஸ்பூன். பிள்ளைகளே எண்ணிப் போடட்டும். குவித்து அள்ளினால் கணக்கு கெடும். 100 மி.லி. கணக்கையே முழு பாட்டிலுக்கும் எடுத்துக்கொண்டால் மூன்று ஸ்பூனோடு கதை முடிந்துவிடும். பெரியவர்களே அதிகம் சறுக்கும் இடம் இது. டம்ளரை ஜன்னலில் காட்சிக்கு வைக்க ஆசை வரும், எறும்பு விடாது.

கீரைக்கு வருவோம். பல பிள்ளைகளுக்குக் கசப்பைவிட ஈர்க்குதான் பிரச்சினை, தொண்டையில் மாட்டும். முருங்கைக்கீரையை ஈர்க்கில்லாமல் உருவி, பருப்போடு மசிக்கச் சொல்லுங்கள். முதலில் சுண்டைக்காய் அளவு போதும். பிடிக்காவிட்டால் துப்பலாம் என்றும் சொல்லிவிடுங்கள். புது ருசி பழக எட்டுப் பத்து முறை, சிலருக்குப் பதினைந்து முறைகூட நாக்கில் பட வேண்டும். இரண்டாம் முறையே கைவிடுகிறோம்.

தானே வளர்த்ததைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது. திங்கள் காலை இரண்டு கைப்பிடி பாசிப்பயறை ஊறவையுங்கள். மாலையில் வடித்து ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, காலையும் மாலையும் அலசினால் புதனன்று முளை தெரியும். வியாழனன்று ஆரம்பித்தால் சனி, ஞாயிறில் அலச ஆளின்றிக் கொழகொழவென்று நாறிப்போகும். பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள். முளைவிடும் வெதுவெதுப்பில் கிருமியும் பெருகும். நன்றாக ஆவியில் வேகவைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கொடுங்கள். பயறிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு கைகொடுக்கும்.